டிரம்மைக் கவிழ்த்த மகனுக்கு

அய்யா,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சுகமில்லை என்று எழுதினால் போட்டது போட்டபடி பஸ் ஏறி வந்துவிடுவாய். அதனால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, கம்பெனி டிரம்மில் பிடித்துவைக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று போனில் சொன்னாய். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். பூத்துக்கு வெளியே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுகிற மாதிரி நான் என்ன பேச முடியும்? வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், சொல்ல வந்தது முன்னே பின்னே இருக்கும், பொறுத்துப் படி. படித்துவிட்டு உன்னோடு வேலை பார்க்கிறவர்களிடமும் கொடு. உன்னைப் போல ஊர் ஊராகப் போய்த் தண்ணீரையும் காற்றையும் பற்றிச் சொல்லப்போகிற பிள்ளைகள் யாராக இருந்தாலும் படிக்கட்டும். எங்களை மாதிரி ஆட்கள் கீழே உட்கார்ந்து எதைப் பார்க்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

நம் வீட்டு டிரம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது கைக்குழந்தை. பட்டாசுக் கம்பெனிக்கு வெடிமருந்துச் சாமான்கள் மூட்டையிலும் டிரம்மிலும் வந்து இறங்கும். தீபாவளி சீசன் முடிந்து போனஸ் கொடுக்கிற அன்றைக்கு, வருஷம் முழுக்க ஒருநாள்கூட நாகா போடாமல் வேலைக்கு வந்தவர்களுக்கு ஸ்வீட் பாக்கெட்டோடு காலி டிரம் ஒன்று கொடுப்பது நம் கம்பெனியில் வழக்கம். பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், மற்றவர்கள் கை தட்டுவார்கள். அப்பாவின் பேரைக் கூப்பிட்ட வருஷம், வேனில் போட்டுக்கொண்டு வரச் சொன்னதற்கு அவர் கேட்கவில்லை. கம்பெனியிலிருந்து ஊர்வரை தலையில் வைத்து நடந்தே வந்தார், தெரு பார்க்கட்டும் என்று. குழாயில் எப்போதோ ஒருநாள் தண்ணீர் வருகிற ஊரில் குடத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு பிடிக்க முடியும்? டிரம் இருக்கிற வீட்டுக்குத்தான் பெண் கொடுப்போம் என்று கேலி பேசுவார்கள். அது முழுக்கக் கேலியும் இல்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். வெயிலில் காயவைத்தேன். தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். வாடை போய்விட்டால் சாமானும் போய்விட்டது என்பதுதான் எங்கள் கணக்கு. அந்த டிரம்மில் வந்தது பச்சை உப்பு. பற்றவைத்தால் பச்சையாக எரிகிற மத்தாப்புக்குப் போடுவது. அதற்கு முதலிலேயே பெரிய வாடை கிடையாது. உப்புத்தானே, அலசினால் கரைந்து போய்விடும் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தோம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீ ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் வந்து சொல்லப்போவது தண்ணீரைப் பற்றி மட்டும் இல்லை. கை தட்டி வாங்கின பரிசைத் தூக்கிப் போடு என்று சொல்லப்போகிறாய். அதை நினைத்துக்கொண்டு வா.

போன ஆடியில் அப்பா போனார். காரியம் முடிந்து சென்னைக்குப் போன நீ, பொங்கலுக்கு வரும்போது சின்னச் சின்ன பாட்டில்களோடு வந்தாய். குழாய்த் தண்ணீர், நம் டிரம் தண்ணீர், இன்னும் சில வீட்டு டிரம் தண்ணீர் எல்லாம் உங்கள் ஆபீசில் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டு போனாய். பங்குனியில் திரும்பி வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேரே கொல்லைக்குப் போய் டிரம்மைக் கவிழ்த்தாய். அடி மடிப்பில் வெள்ளையாக ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி என் கண்ணுக்கு நேரே நீட்டினாய். "பாருங்கம்மா, இம்புட்டு வருசம் கழிச்சும் அந்த உப்பு கெடக்கு" என்றாய். நான் அதைப் பார்க்கவில்லை அய்யா. ஓடின தண்ணீரைத்தான் பார்த்தேன். அடுத்து குழாய் திறக்கும்வரை எனக்கு இருந்த தண்ணீர் அது. அப்பா தலையில் சுமந்து வந்த டிரம் அது. நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும், ஒரு வார்த்தை முதலில் சொல்லிவிட்டுக் கவிழ்த்திருக்கலாம். நான் பெற்றவள், கத்திவிட்டு அடங்கிவிட்டேன். ஊரார் அப்படி இல்லை. யார் வீட்டு டிரம்மிலும் நீ கை வைக்காதே. அவர்கள் கையால் அவர்களே கவிழ்க்கட்டும். அதற்கு எத்தனை காலம் ஆனாலும் சரி.

மறுநாளே நல்லவேளையாகக் குழாய் திறந்தார்கள். குழாயடியில் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். நம் பக்கத்து வீட்டு அத்தையை இந்தக் கடிதத்தில் முத்துமாரி என்று வைத்துக்கொள்கிறேன். ஆள் யார் என்று உனக்குத் தெரியும், பேர் ஏன் மாற்றினேன் என்றும் போகப்போகத் தெரியும். அவள்தான் உன்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய்யா, தண்ணிக்கினே ஒரு படிப்புப் படிச்சிருக்கியாமே. இங்கனதான் தண்ணியே வர மாட்டேங்குதே, எதப் பாத்துப் படிச்ச?"

குடத்தோடு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதுவரை நன்றாக இருந்தது. பிறகு நீ ஆரம்பித்தாய்: "அத்தை, ஒரு லிட்டர் தண்ணியில இத்தனை மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல சில டிரம்ல, அனுமதிக்கப்பட்ட அளவை விட..."

"அளவெல்லாம் நாங்க ரேசன் கடையில பாத்துக்கிருதோம். குடிக்கலாமா, கூடாதா? அதச் சொல்லு."

"உடனே ஒண்ணும் ஆகிறாது அத்தை. ஆனா நாள்பட..."

"உடனே ஒண்ணும் ஆகாதுல்ல? பெறகென்ன! தூக்குங்கடி கொடத்த."

பின்னால் நின்ற ஒருத்தி கேட்டாள்: "டிரம்மு வேண்டாம்னா எதுலய்யா பிடிச்சு வைக்க? நீ வாங்கித் தாரியா?" அதற்கு நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். வெயில் தாங்காமல் பையிலிருந்து பாட்டில் தண்ணீரை எடுத்துக் குடித்தாய். அவ்வளவுதான், குழாயடி முழுக்க அந்தப் பாட்டிலைப் பார்த்தது. நீ பஸ் ஏறின பிறகு, "நமக்கு இந்தத் தண்ணி, அவருக்குக் கடைத் தண்ணியாம்ல" என்றுதான் பேசிக்கொண்டார்கள். நீ சொன்ன மில்லிகிராம் ஒருத்தி வாயிலும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெறும் கையோடு வா. குழாயில் பிடித்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நீதானே சொன்னாய், அதை எல்லோருக்கும் முன்னால் வாங்கிக் குடி. எதில் பிடித்து வைப்பது என்ற கேள்விக்கு ஏதாவது ஒரு வழியோடு வா. தெருவுக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டித்தரச் சொல்லிப் பஞ்சாயத்தில் எல்லோருமாகக் கேட்கலாமா, வேறு என்ன செய்யலாம், எனக்குத் தெரியவில்லை. வழி இல்லாமல் பயத்தை மட்டும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனால், நாங்கள் அந்தப் பயத்தையும் அதே டிரம்மில் ஊற்றி மூடி வைத்துவிடுவோம்.

உனக்கு முன்னாலும் படித்தவர்கள் வந்தார்கள். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம், நானும் அப்போது கம்பெனி வேலைக்குப் போனேன். ஜீப்பில் வந்து, ஓடைக்குப் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். கம்பெனியில் கழிவு மருந்தைப் போட்டு எரிக்கிற குழிக்குப் பக்கத்தில் மண் அள்ளினார்கள். எங்களிடம் பேர், வயசு, என்ன சீக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். எல்லோரும் ஆசையாகச் சொன்னோம், யாரும் அதுவரை எங்களை அப்படிக் கேட்டதில்லை. பிறகு கம்பெனி ஆபீசுக்குள் போய் டீ குடித்தார்கள். சேவுத் தட்டு உள்ளே போனதை நாங்கள் மருந்து அறை வாசலிலிருந்து பார்த்தோம். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். வெயிலில் வந்தவர்கள், கொடுத்தால் குடிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் திரும்பி வரவே இல்லை. ரொம்ப காலம் கழித்து, நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி என்று பேப்பரில் ஏதோ வந்தது. டீக்கடைக்காரர் சத்தமாகப் படித்தார். பாதி வார்த்தை அவருக்கே வாயில் நுழையவில்லை. மடித்து வைத்துவிட்டு, "நம்ம கெணத்தப் பத்தித்தான் எழுதிருக்காக. ஆனா நமக்கு எழுதல" என்றார். தண்ணீரைக் கொண்டுபோனவர்கள் பதிலைக் கொண்டுவந்து தரவேண்டும் அய்யா. நல்ல பதிலோ, கெட்ட பதிலோ. அதைச் செய்யாததால்தான் இன்றைக்கு உன்னையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். நீ டீ குடிப்பதாக இருந்தால் முத்துமாரி வீட்டில் குடி, கம்பெனியில் யார் கூப்பிட்டாலும் போகாதே.

இனி எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அப்பா மருந்து சலிக்கிற வேலை பார்த்தார். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளி பூசின மாதிரி வருவார். வந்ததும் வாழைப்பழமும் கருப்பட்டியும் தின்பார், நெஞ்சில் ஏறின மருந்து இறங்கிவிடும் என்று. அதன்மேல் டிரம்மிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர். கடைசி வருஷம் கால் சொன்னபடி கேட்கவில்லை. பஸ் படியில் கால் வைக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பார், கண்டக்டர் தூக்கிவிடுவார். மூச்சும் வாங்கியது. டாக்டர்கள் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். கம்பெனியில் பீடிதான் காரணம் என்றார்கள். வாசலில் தீப்பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு உள்ளே அனுப்புகிறவர்கள், அவர் வெளியே வந்து குடித்த பீடியைக் குற்றம் சொன்னார்கள். பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் எல்லாம் இருக்கும்போது நான் உன்னைக் கேட்டேன்.

"நீ படிச்சவன். அந்த மருந்துதானய்யா ஒங்கப்பாவக் கொண்டு போச்சு? சொல்லு."

நீ கீழே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. சோதிச்சுப் பாக்காம சொல்லக் கூடாது."

"அப்ப எதுக்குய்யா ஒன்னப் படிக்க வச்சோம்?"

நீ எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுக்கப் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய். ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு அழுவதற்கு ஒரு இடம் கிடைத்திருக்கும். பதில் இல்லாமல் அழுவது ரொம்பக் கஷ்டம் அய்யா. இதில் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. அதே டிரம் தண்ணீரைக் குடித்துத்தான் நீயும் வளர்ந்தாய். போன மாசம் போனில் கால் வலிக்கிறது என்றாய். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததால் என்று நீயே சொன்னாய். நான் மறுபடி அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

இந்தத் திங்கட்கிழமை கம்பெனிக் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிற டிரம்மை எட்டிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மதினி, சாப்பிட்டீகளா? மகன் வாராகளாம்ல. வரட்டும், நம்ம புள்ள. ஊருக்கு நாலு நல்லது சொல்லட்டும். கம்பெனிக்குக் கெட்ட பேரு வாராமச் சொல்லட்டும். டிரம்மு குடுத்தது ஒரு ஆசைக்குக் குடுத்தது. அதுல தண்ணி பிடிங்கன்னு நாங்க சொன்னமா?"

"பிடிக்காதீகன்னும் சொல்லலையே" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

அவர் சிரித்தார். "மகன் ஒங்களத்தான் உரிச்சு வச்சிருக்காக" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை, அதனால்தான் எனக்கு அதிகமாகப் பயம். மறுநாள் காலை கம்பெனி வேன் நம் தெரு முனையில் நிற்காமல் போனது. டிபன் டப்பாவோடு நின்ற பெண்கள் கொஞ்ச தூரம் பின்னால் ஓடிப்பார்த்தார்கள். புதன்கிழமையும் அப்படியே. சிலர் அடுத்த தெருவுக்குப் போய் ஏறிக்கொள்ளப் பார்த்தார்கள். இடம் இல்லை என்று டிரைவர் இறக்கிவிட்டான். நடந்து போய்ச் சேர்ந்தவர்களை நேரமாகிவிட்டது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முத்துமாரி மட்டும் என் வாசலைத் தாண்டும்போது நின்றாள்.

"ஒம் மகன் பேசுறதுக்கு முன்னாலயே வேன் பேசிருச்சு யக்கா."

நான் உள்ளே வந்து உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். வரவேண்டாம் என்று. இவர்களுக்கு வேலை போனால் பத்து நாளில் அடுப்பு அணைந்துவிடும், தண்ணீர் கெடுதல் செய்ய எத்தனை வருஷமோ ஆகும், இரண்டில் எது பெரிது என்று நீயே யோசி என்று எழுதினேன். எழுதி மடித்தும் வைத்துவிட்டேன். நான் நியாயமாகத்தான் எழுதினேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இன்றைக்கு மத்தியானம் முத்துமாரி வந்தாள். வேலைக்குப் போகவில்லை, போகமுடியவில்லை. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவள் அடுப்படிக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"யக்கா, எம் மக தலப்பிள்ளைக்கு வந்திருக்கால்ல."

"ஆமா."

"தீவாளிக்கு எனக்குக் குடுத்தாகள்ல, அந்தப் புது டிரம்மு. அந்தத் தண்ணியத்தான் அவ குடிக்கா. அவளுக்குக் குடுக்கலாமா?"

"எனக்குத் தெரியலட்டி. எம் மகன் வரட்டும், கேப்போம்."

"அவன் லிட்டர்க் கணக்குச் சொல்லுவான்."

"சொல்லமாட்டான்" என்றேன். உன்னைக் கேட்காமல் உனக்காக வாக்குக் கொடுத்துவிட்டேன் அய்யா.

"நெசமாவா? அப்ப வரச் சொல்லு" என்றாள். போகும்போது திரும்பி, "வேன்காரன நான் பாத்துக்கிருதேன்" என்றாள். ஆனால் அவள் முகத்திலும் பயம்தான் இருந்தது. வேலையை நினைத்தா, பேரப்பிள்ளையை நினைத்தா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் நினைத்துத்தான் இருக்கும். அவளை வைத்துக்கொண்டே மடித்து வைத்த கடிதத்தை அடுப்பில் போட்டேன். அதன்பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அதனால் நீ வா. பயம் போய்விட்டது என்று எழுதவில்லை, பயத்தோடுதான் வரச்சொல்கிறேன். கூட்டத்தில் யாரும் முதலில் வாய் திறக்கமாட்டார்கள். கணக்குப்பிள்ளை பின்வரிசையில் நிற்பார், யார் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு. எனக்கு இப்போது போக வேலை இல்லை, ஏற வேன் இல்லை. ஆகவே நான்தான் முதலில் எழுந்திருப்பேன். பதினாறாம் நாள் கேட்டதையே மறுபடி கேட்பேன்: என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனது அந்த மருந்தும் இந்தத் தண்ணீரும்தானா என்று. உன்னை மாட்டிவிடுவதற்காக இல்லை. தெரியாது என்பது உண்மையானால் நீ தெரியாது என்றே சொல். ஆனால் அன்றைக்கு மாதிரி கீழே பார்த்துக்கொண்டு சொல்லாதே. என் முகத்தைப் பார்த்து, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொல். எனக்கு வலிக்கும், அதைப் பொருட்படுத்தாதே. பெற்ற தாய் அழுதுகொண்டு கேட்டும் இவன் தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை என்பதை ஊர் கண்ணால் பார்க்கட்டும். அதைப் பார்த்துவிட்டால், அப்புறம் நீ எதைத் தெரியும் என்று சொல்கிறாயோ அதை நம்புவார்கள்.

அடுத்து முத்துமாரி எழுந்திருப்பாள். அவள் மகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்கலாமா, கூடாதா என்று கேட்பாள். அதற்கு நீ தெரியாது என்று சொல்லக் கூடாது. என் கேள்வி முடிந்துபோன ஆளைப் பற்றியது. அவள் கேள்வி இனி வரப்போகிற பிள்ளையைப் பற்றியது. அதற்குத் தெரிந்துகொண்டு வா. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் முத்துமாரியின் கொழுந்தன். திருத்தங்கலில் நோட்டுப் புத்தக லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் சென்னைக்கு வருகிறார். அவரிடம் ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அது அவள் வீட்டுப் புது டிரம் தண்ணீர். நீ செய்தது போலவே பாட்டிலை அதே தண்ணீரால் அலசிவிட்டுத்தான் பிடித்தேன். உங்கள் ஆபீசில் என்ன அவசரம் இருந்தாலும் இதை முதலில் பார்க்கச் சொல்லு. அதுவரை அந்தப் பெண்ணுக்கு அந்த டிரம் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி, நம் வீட்டுக் குடத்திலிருந்து கொடுத்துவிட்டேன். எனக்கு அரைக்குடம் இருக்கிறது. குழாய் என்றைக்குத் திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சீக்கிரம் பார்த்துவிட்டு வா அய்யா.

அம்மா